சோதித்துப் பார்த்த பேராசிரியர்: ஜகதீஷ் சந்திர போஸ்



ஜகதீஷ் சந்திர போஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது செடிகொடிகள்தான். தாவரங்களுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் என்று சின்ன வகுப்பில் படித்தோம். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள், ரேடியோவைக் கண்டுபிடித்ததே அவர்தான், மார்க்கோனி பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று டீக்கடையில் வாதம் செய்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் முழுக் கதை கிடையாது.

இந்த மலரில் அவருடைய வாழ்க்கையை வேறொரு பக்கத்திலிருந்து சொல்லலாம் என்று நினைக்கிறேன். கருவி ஒன்று இன்றைக்கு வேலை செய்துவிட்டது என்றால் சாதாரண மனிதன் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போய்விடுவான். போஸ் போக மாட்டார். நாளைக்கும் இதே மாதிரி வேலை செய்யுமா? ஈரக்காற்றில் செய்யுமா? பல தடவை அழுத்தின பிறகும் செய்யுமா? செய்யவில்லை என்றால் எந்த உறுப்பில் கோளாறு? இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர். இன்றைய பாஷையில் சொன்னால், கம்பியில்லாக் கருவிகளுக்கான சோதனை மேஜையை முதன்முதலில் ஒழுங்காக அமைத்தவர்களில் ஒருவர்.

இதை ஏன் நம்ம கல்லூரி மலரில் எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. இந்தக் கரிசல் காட்டிலிருந்து படித்துப் போன பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் டெஸ்டிங், தரக் கட்டுப்பாடு என்ற பிரிவுகளில் வேலை பார்க்கிறார்கள். ஊருக்கு வந்தால், புதுசாக ஒன்றைச் செய்கிற வேலை கிடைக்கவில்லையா, அடுத்தவன் செய்ததைப் பார்த்துச் சொல்லுகிற வேலைதானா என்று சொந்தக்காரர்கள் கேட்பது சகஜம். அந்தப் பிள்ளைகளும் கொஞ்சம் தலைகுனிந்துதான் பதில் சொல்கிறார்கள். அந்தத் தலை நிமிர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மீனவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30. இன்றைய வங்கதேசப் பகுதி. தகப்பனார் பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. நினைத்திருந்தால் மகனை எடுத்த எடுப்பிலேயே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கலாம். அந்தக் காலத்து அதிகாரிகள் வீட்டில் அதுதான் வழக்கம். அவரோ, பையன் முதலில் தாய்மொழி படிக்கட்டும், சொந்த ஜனங்களைத் தெரிந்துகொள்ளட்டும் என்று உள்ளூர் வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ஒரு பக்கம் தகப்பனாரின் முஸ்லிம் சேவகர் மகன், மறுபக்கம் மீனவர் மகன். அவர்கள் சொன்ன பறவை, மீன், பிராணிக் கதைகளைக் கேட்டுத்தான் இயற்கையைப் பற்றிய ஆர்வம் தமக்கு வந்தது என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். தமிழ்வழியில் படித்துவிட்டு முதலாம் ஆண்டில் திணறுகிற நம்ம பிள்ளைகள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

1869-இல் கல்கத்தா வந்தார். அங்கே செயின்ட் சேவியர் கல்லூரியில் லஃபோன் பாதிரியார் என்ற பெல்ஜியத்துக்காரர் பௌதிகம் நடத்தினார். கரும்பலகையில் எழுதிப்போட்டு முடிக்கிற ஆசிரியர் அல்ல. எதையும் கருவி வைத்துச் செய்து காட்டித்தான் பாடம். போஸுக்குப் பௌதிகத்தில் ருசி ஏற்பட்டது அங்கேதான். 1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். ஏற்கெனவே பிடித்திருந்த காய்ச்சல் விடவில்லை. மருத்துவப் படிப்பை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜ் போய் இயற்கை விஞ்ஞானம் படித்தார். அங்கே ரேலே பிரபு அவருக்கு ஆசிரியர். அளவு எடுப்பதில் அபாரமான பொறுமைசாலி அவர். 1884-இல் பட்டம் வாங்கி, 1885-இல் ஊர் திரும்பினார் போஸ்.

சம்பளம் வாங்காத 3 வருஷம்

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை. ஆனால் வெள்ளைக்காரர் வாங்குகிற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக நியமனம் என்று சொல்லி அதிலும் பாதி. ஆக, ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூலி. போஸ் கூச்சல் போடவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. வேலையை ஒழுங்காகப் பார்த்தார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. இப்படி 3 வருஷம். வீட்டில் தகப்பனாருக்கு ஏகப்பட்ட கடன் இருந்த சமயம் அது. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்து, முன்தேதியிட்டு முழுச் சம்பளமும் கொடுத்தது. அந்தப் பணம் கடனை அடைக்கப் போயிற்று.

1887-இல் அவர் மணந்துகொண்ட அபலா தாஸுக்கும் நம்ம பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. வங்காளத்திலிருந்து உதவித்தொகை பெற்று வந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். உடல்நலம் இடம் கொடுக்காததால் படிப்பை முடிக்க முடியவில்லை. பிற்காலத்தில் பெண் கல்விக்காக நிறையப் பாடுபட்டார்.

தகர வேலைக்காரரும் பேராசிரியரும்

மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலையாகப் பரவும் என்று 1860-களில் கணக்குப் போட்டுச் சொன்னவர் மாக்ஸ்வெல். 1887, 1888-இல் அதைச் சோதனையில் காட்டியவர் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ். அவர் பயன்படுத்தியவை பெரிய பெரிய அலைகள். அலை பெரிதானால் கருவியும் பெரிதாகும். அலையைத் திருப்பிக் காட்ட ஹெர்ட்ஸ் செய்த கீல் பட்டகம் அரை டன்னுக்கு மேல் கனம். அறை முழுக்க அலை எதிரொலித்து வேறு வரும். எது நேராக வந்தது, எது சுவரில் பட்டு வந்தது என்று பிரிப்பதே பெரும்பாடு.

போஸ் 1894-இல், 36 வயதை எட்டுகிற சமயம், இந்தத் துறையில் இறங்கினார். கல்லூரியில் ஆராய்ச்சிச்சாலை என்று ஒன்று கிடையாது. குளியலறையை ஒட்டி ஒரு சின்ன இடம். உதவிக்கு ஒரு தகர வேலைக்காரர். விஞ்ஞானம் படித்தவர் அல்ல, கைவேலை தெரிந்தவர். இந்த இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் கருவிகளைச் செய்தார்கள். அலையின் நீளத்தை 5 மில்லிமீட்டர் வரை குறைத்தார் போஸ். இன்றைய கணக்கில் அது 60 ஜிகாஹெர்ட்ஸ். அலை சிறுத்ததும் சாமான்களும் சிறுத்தன. எல்லாம் ஒரு மேஜையில் அடங்கிவிட்டன.

என்னென்ன செய்தார் என்று பாருங்கள். அலையைச் சேகரிக்க ஒரு தகரப் புனல், நாம் மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி, ஆனால் சதுர வாய். அதைத்தான் இன்று ஹார்ன் ஆன்டெனா என்கிறோம். அலையைக் குவிக்கக் கந்தகத்தில் ஒரு லென்ஸ். தீப்பெட்டித் தொழில் நடக்கிற ஊர்க்காரர்களான நமக்குக் கந்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கந்தகம் இந்த அலையை எவ்வளவு வளைக்கிறது என்று அளந்து 1895-இல் வெளியிட்டார். ஒரு திசையில் அதிர்கிற அலையை மட்டும் விடுவதற்கு ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்; பக்கங்களுக்கு இடையே ஈயத் தாளைச் செருகிவிட்டார். அலையின் அதிர்வுத் திசையைத் திருப்ப முறுக்கின சணல். அலையின் பலத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு பட்டகங்கள். நடுவே உள்ள காற்று இடைவெளியை அகட்டினால் ஒரு அளவு, நெருக்கினால் ஒரு அளவு.

1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் வங்காள லெப்டினன்ட் கவர்னர் முன்னிலையில் ஒரு செயல் விளக்கம் நடத்தினார். அலை சுவர்களைத் தாண்டி 75 அடி தூரத்தில் மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. எல்லாப் புத்தகங்களும் இந்தக் காட்சியைத்தான் பெரிதாக எழுதும். நாம் அந்த மேஜைக்கே திரும்பிப் போவோம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஒரே மாதிரி, ஒவ்வொரு தடவையும்

அந்தக் காலத்து அலை என்பது பொறியிலிருந்து பிறப்பது. இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவே மின்பொறி தாவ வேண்டும். பொறி பாய்ந்து பாய்ந்து குண்டின் மேற்பரப்பு அரித்துப் போகும். போனால் அடுத்த பொறி முந்தினது போல இருக்காது. அனுப்புகிற கருவியே தடவைக்கு ஒரு விதமாக நடந்தால், வாங்குகிற கருவியைக் குறை சொல்ல என்ன நியாயம்? போஸ் அரிக்காத பிளாட்டினத்துக்கு மாறினார். விடாமல் பொறி கக்குகிற ஏற்பாட்டையும் விட்டுவிட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு வீச்சு என்று அமைத்தார்.

அடுத்து, வேண்டாத அலை. பொறிச் சுருளையும் மின்கலத்தையும் இரட்டைச் சுவர் கொண்ட உலோகப் பெட்டிக்குள் அடைத்து, அலை வெளியே வர ஒரே ஒரு குழாய் மட்டும் வைத்தார். சுருளின் காந்த விசை வாங்கும் கருவியைக் கலைக்கக் கூடாது என்று உள்பெட்டியை மெல்லிரும்பில் செய்தார். ஆக, குழாய் வழியாக வருவது மட்டுமே கணக்கு. கசிவு கிடையாது.

இதைப் படிக்கிற நம்ம டெஸ்டிங் பொறியாளர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆமாம், இன்று வைஃபை ரூட்டரைச் சோதிக்கிற அறையில் இருப்பதும் இதேதான். பக்கத்து அலுவலகத்து அலை உள்ளே வராதபடி உலோகப் பெட்டி. தூரம் கூடினால் என்ன ஆகும் என்று பார்க்க ரூட்டரைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. அலையின் பலத்தைப் படிப்படியாகக் குறைக்கிற அட்டனுவேட்டர் ஒன்றை நடுவில் வைக்கிறார்கள். அளக்க ஹார்ன் ஆன்டெனா. ஒரே சோதனையை ஒரே நிபந்தனையில் திரும்பத் திரும்ப ஓட்டி, வருகிற எண்களை ஒப்பிடுகிறார்கள். பெயர்கள் மாறியிருக்கின்றன, துல்லியம் பல மடங்கு ஏறியிருக்கிறது. அடிப்படை யோசனை அந்தக் கல்கத்தா மேஜையில் இருந்ததுதான்.

துரு தந்த தொல்லை

அலையை வாங்குகிற கருவியில்தான் பெரிய தலைவலி. பிரான்ஸ் நாட்டு பிரான்லி கண்ட முறைப்படி, ஒரு கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளைப் போட்டால், அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். அதற்குக் கோஹியரர் என்று பெயர். ஒரு தடவை ஒட்டினால் தட்டிவிட்டால்தான் பிரியும். சில சமயம் நன்றாக வேலை செய்யும், சில சமயம் மக்கர் பண்ணும். போதாததற்குக் கல்கத்தாவின் ஈரக்காற்று. தூள் துருப்பிடித்துப் போகும்.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்குத் தீப்பெட்டித் தொழில் வந்ததற்கு இங்குள்ள வறண்ட காற்று ஒரு முக்கியக் காரணம் என்பது நமக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குச்சி நமத்துப் போனால் என்ன பாடு என்பதும் தெரியும். நமத்த குச்சிகளை வைத்துக்கொண்டு எவனும் தொழில் செய்ய முடியாது. போஸுக்கு நேர்ந்ததும் அதுதான்.

அவர் குச்சியைக் குறை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தூளையே விட்டுவிட்டார். மெல்லிய எஃகுச் சுருள்கம்பிகளை வரிசையாக ஒரு பள்ளத்தில் அடுக்கி, திருகாணி வைத்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்படி செய்தார். எந்த அழுத்தத்தில், எந்த மின்னழுத்தத்தில் கருவி சரியாகக் கேட்கிறது என்று பார்த்துப் பார்த்து நிறுத்தினார். பிறகு இரும்புதான் வேண்டுமா என்ற கேள்வி. ஒவ்வொரு உலோகமாக எடுத்துச் சோதித்தார். பெரும்பாலானவை அலை பட்டதும் மின்தடையைக் குறைத்துக்கொண்டன. பொட்டாசியம் நேர்மாறாக நடந்தது. தடை கூடியது, அலை நின்றதும் தானாகப் பழைய நிலைக்கு வந்தது. ஒத்துவராத முடிவைப் பிழை என்று தூக்கி எறியாமல், அதற்கும் பட்டியலில் ஒரு இடம் கொடுத்தார்.

அந்தத் தேடலில் வந்ததுதான் இரும்பும் பாதரசமும் தொடுகிற அமைப்பு. தட்டிவிட வேண்டியதில்லை, தானே மீளும். டெலிபோன் காதில் வைத்தால் சத்தம் கேட்கும். 1899-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1896-இல் லண்டன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. 1897 ஜனவரி 29-ஆம் தேதி ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை மேஜையில் பரப்பி வைத்துப் பேசியிருந்தார். அந்த மேடையில் பேசக் கூப்பிடுவது அன்று ஒரு விஞ்ஞானிக்குப் பெரிய கௌரவம்.

மார்க்கோனி விவகாரம்

இப்போது டீக்கடை வாதத்துக்கு வருவோம். 1901 டிசம்பர் 12-ஆம் தேதி மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்தார். அவர் காதில் வைத்தது டெலிபோன். கூட இருந்தது பாதரசக் கோஹியரர். இத்தாலியக் கடற்படை அதிகாரி ஒருவர் கொடுத்தது. அதன் மூலம் போஸ் 1899-இல் வெளியிட்ட அமைப்புதான் என்று 1998-இல் ஒரு ஆய்வாளர் விரிவாக வாதிட்டு எழுதினார். அந்த வாதத்துக்கு நல்ல பலம் உண்டு.

ஆனால் மார்க்கோனியைத் திருடன் என்று திட்டிவிட்டு எழுந்து போவதும் நியாயம் இல்லை. அவருடைய சாமர்த்தியம் வேறு. தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனார், தொழிற்சாலை வைத்தார். அட்லாண்டிக் சமிக்ஞையைக் கேட்டது இரண்டு பேர் காது மட்டும்தானே என்று உலகம் சந்தேகப்பட்டபோது, 1902-இல் ஒரு கப்பலில் ஏறி, போகப் போக நாடாவில் பதிவு செய்து காட்டினார். பகலில் தூரம் குறைகிறது, இரவில் கூடுகிறது என்பதும் அந்தச் சோதனையில்தான் தெரிந்தது. சந்தேகத்துக்குப் பதில் கோபம் அல்ல, இன்னொரு சோதனை. இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே ஜாதிதான்.

போஸ் காப்புரிமை வாங்குவதில் ஆசை இல்லாதவர். அறிவு எல்லோருக்கும் பொது என்பது அவர் கொள்கை. நண்பர்கள், முக்கியமாக சாரா புல் அம்மையார், விடாமல் வற்புறுத்தியதால் 1901-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904 மார்ச் 29-ஆம் தேதி கிடைத்தது. கலீனா என்ற ஈயக் கனிமத்தைக் கொண்டு அலையைக் கண்டறியும் கருவி அது. இன்றைய குறைக்கடத்திகளுக்கு ஒரு முன்னோடி. அதை வைத்து அவர் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. காலம் முடிந்து உரிமை காலாவதி ஆயிற்று. இதைத் தியாகம் என்று புகழலாம். இன்னொரு கோணமும் இருக்கிறது. அவர் செய்தது ஒவ்வொன்றும் ஒற்றைக் கருவி. அதை ஆயிரம் பேர் கைக்கு ஒரே தரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தொழிலும் ஒரு முறையும் வேண்டும். அந்தப் பாதையில் அவர் போகவில்லை.

களைத்துப்போன உலோகம்

ஏன் போகவில்லை? அதற்கும் சோதனை மேஜையில்தான் காரணம் இருக்கிறது. வாங்கும் கருவியை விடாமல் வேலை வாங்கினால் அதன் கூர்மை மங்குகிறது, கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி தெளிகிறது என்று கவனித்தார். இன்று ஒரு கருவியை நாள் கணக்கில் நிறுத்தாமல் ஓட்டி எப்போது சோர்கிறது என்று பார்க்கிறோமே, அதே விஷயம். வேறொருவர் என்றால் கருவியை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். போஸுக்கோ, இது மனிதனின் தசை களைப்பது மாதிரியே இருக்கிறதே என்று பட்டது. அந்த ஒரு கேள்வி அவரைக் கம்பியில்லாத் துறையிலிருந்து உயிரியல் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. 1902-இல் உயிருள்ளவை, உயிரற்றவை இரண்டின் பதில்வினை பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அங்கே எதிர்ப்பு பலமாக இருந்தது. பௌதிகக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று உடலியல் அறிஞர்கள் சீறினார்கள். அவருடைய முடிவுகளில் சில பின்னாளில் ஏற்கப்பட்டன, எல்லாமும் ஏற்கப்படவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்ப்பை அவர் சந்தித்த விதம் பெரியது. செடியின் வளர்ச்சியை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டுகிற கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். அது காட்டுவது நிஜ வளர்ச்சிதானா என்று சந்தேகம் கிளம்பியபோது, 1920-இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் விஞ்ஞானிகள் குழு ஒன்றின் முன் கருவியை வைத்து, பாருங்கள் என்று விட்டுவிட்டார். கருவி சரியாகத்தான் காட்டுகிறது என்று அவர்கள் பத்திரிகைக்கே எழுதினார்கள். அதே வருஷம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஊரார் கருவியை மட்டுமல்ல, தன் கருவியையும் அடுத்தவன் சோதனைக்கு விடுகிற மனசு எல்லோருக்கும் வராது.

1917-இல் சர் பட்டம் வந்தது. அதே வருஷம் நவம்பர் 30, தம் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அவர் கைபட்ட கருவிகள் அங்கே காப்பாற்றி வைக்கப்பட்டன. 1937 நவம்பர் 23-ஆம் தேதி கிரிதியில் காலமானார். 79 வயது முடிய ஒரு வாரம்தான் பாக்கி.

விட்ட இடத்தில் தொட்ட மாணவர்

மேலே சொன்னேனே, ஆயிரம் கருவிகளும் ஒரே தரத்தில் வருவதற்கு ஒரு முறை வேண்டும் என்று. அந்த முறை பிறந்ததும் தொலைத்தொடர்புத் துறையில்தான். அமெரிக்காவில் டெலிபோன் சாமான் செய்கிற வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில், 1924-இல் வால்டர் ஷூஹார்ட் என்பவர் ஒரு வரைபடம் போட்டார். எந்த உற்பத்தியிலும் பொருளுக்குப் பொருள் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அது இயல்பான ஏற்ற இறக்கமா, இல்லை இயந்திரத்திலோ மூலப்பொருளிலோ ஏதோ கோளாறா என்று அந்த வரைபடம் பிரித்துக் காட்டும். மேல் கோடு, கீழ் கோடு இரண்டுக்கும் நடுவில் புள்ளிகள் இருந்தால் பேசாமல் விட்டுவிடு. தாண்டினால் போய்ப் பார். அவ்வளவுதான். இன்று தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு என்று நடப்பதற்கெல்லாம் அது அடிவேர்.

அந்த ஷூஹார்ட்டை 1947, 1948-இல் இந்தியாவுக்கு வரவழைத்து, இங்கே புள்ளியியல் தரக் கட்டுப்பாடு வேரூன்ற வழி செய்தவர் பி.சி. மகலனோபிஸ். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-இல் தொடங்கியவர். அவர் 1912-இல் பௌதிகப் பட்டம் வாங்கியது எங்கே தெரியுமா? பிரசிடென்சி கல்லூரி. அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர் ஜகதீஷ் சந்திர போஸ்! சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் அதே கல்லூரியில் அவரிடம் படித்தவர்கள்தான். ஒற்றைக் கருவியை ஒழுங்காகச் சோதிக்கிற ஆசிரியர், ஆயிரம் கருவியையும் ஒழுங்காகச் சோதிக்கிற வழியைக் கொண்டுவந்த மாணவர். கல்லூரி என்பது எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இன்றைக்கு அந்த 5 மில்லிமீட்டர்

போஸ் விட்டுப்போன சின்ன அலைகளை உலகம் ரொம்ப காலம் சீந்தவில்லை. பெரிய அலைதான் கடல் தாண்டும் என்று எல்லோரும் அதன் பின்னால் போனார்கள். பின்னாளில் ரேடார், செயற்கைக்கோள் என்று மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். வீட்டு வைஃபை பயன்படுத்துவது பெரும்பாலும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைகளை. அலை நீளம் சுமார் 12 சென்டிமீட்டரும் 6 சென்டிமீட்டரும். 2012-இல் வந்த ஒரு வைஃபை வகைமுறை சரியாக அந்த 60 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைக்கே போனது. இந்தியாவில் 2022-இல் நடந்த 5ஜி ஏலத்தில் 26 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையும் விற்கப்பட்டது. அதே 2012-இல் ஐ.ஈ.ஈ.ஈ. என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு, மில்லிமீட்டர் அலையில் போஸ் செய்த சோதனைகளுக்காகப் பிரசிடென்சியில் ஒரு நினைவுப் பலகை வைத்துக் கௌரவித்தது.

கம்பியில்லாக் கருவி ஒன்று நம்ம நாட்டில் சந்தைக்கு வருவதற்கு முன் தாண்ட வேண்டிய வாசல்கள் சில உண்டு. அனுமதித்த பட்டையில்தான் பேசுகிறதா, அனுமதித்த பலத்துக்குள் இருக்கிறதா, பக்கத்துப் பட்டையில் கசிகிறதா, அடுத்த கருவியைக் கெடுக்கிறதா என்று அளந்து சான்று வாங்க வேண்டும். அலைவரிசை அனுமதிக்கு மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு, பல வகைக் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனை வைத்திருக்கிறது தொலைத்தொடர்புப் பொறியியல் மையம். சென்னையிலேயே சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையத்தில் இப்படிப்பட்ட அளவீடுகள் நடக்கின்றன. சட்டம் கேட்பது அவ்வளவு. அதற்கு மேல் வாங்குகிறவன் கேட்பது வேறு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ரூட்டர் தாங்குமா? ஈரக்காற்றில் இணைப்பு முனை பச்சை பிடிக்குமா? மின்சாரம் போய்ப் போய் வந்தால் மறுபடி தானே எழுந்திருக்குமா? சூட்டு அறையிலும் ஈர அறையிலும் நாள் கணக்கில் வைத்துப் பார்க்கிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் தேடுகிறார்கள்.

குளிரூட்டிய ஆய்வகத்தில் மட்டும் சோதித்த கருவியைக் கரிசல் காட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்போது ஈரம் வற்றி எர்த்திங் பலவீனப்படும். அதே நிலம் மழையில் சகதி. கோபுரத்துக்கும் இணைப்புப் பெட்டிக்கும் எர்த் எடுக்கிறவர் மழைக்காலத்தில் ஒரு தடவை அளந்துவிட்டுப் போய்விட்டால், பங்குனியில் அந்த எண் செல்லாது. வறண்ட காலத்தில் அளக்க வேண்டும், உப்பும் தண்ணீரும் விட்டுப் பராமரிக்க வேண்டும். இந்த விஷயத்தைப் புத்தகம் படித்து அல்ல, மண்ணில் நடந்தே தெரிந்து வைத்திருப்பவர்கள் நம்ம பிள்ளைகள். அந்த அறிவுக்கு மதிப்பு உண்டு.

நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

சாமான் இல்லை, லேப் இல்லை என்று சொல்லுகிற தம்பிகளுக்கு: அந்த ரயில்வே அட்டவணைப் புத்தகத்தையும் தகரப் புனலையும் நினைத்துக்கொள்ளுங்கள். வந்த ரீடிங்கைப் புத்தகத்தில் இருக்கிற ரீடிங்குக்குத் தக்கபடி திருத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறவர்களுக்கு: பொட்டாசியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒத்துவராத எண்ணை அழித்திருந்தால் போஸ் போஸாக ஆகியிருக்க மாட்டார்.

டெஸ்டிங் வேலையில் இருக்கிற நம்ம நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. நன்றாக ஓடுகிற கருவியைப் பார்த்து யாரும் இதைச் சோதித்தவர் யார் என்று கேட்பதில்லை. ஓடாமல் நின்றால்தான் கேட்பார்கள். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவசரத்துக்கு லைன் கிடைக்கிறது என்றால், பள்ளிக்கூடப் பிள்ளை பரீட்சை முடிவைத் தடங்கலில்லாமல் பார்க்கிறாள் என்றால், அதற்குப் பின்னால் எங்கேயோ ஒருவர், அனுப்பச் சொல்லி மேலிடம் அவசரப்படுத்தியும், இந்தச் சோதனை இன்னும் முடியவில்லை என்று கையெழுத்துப் போட மறுத்திருப்பார். நியாயம் கிடைக்கும்வரை 3 வருஷம் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடாத அந்தப் பேராசிரியரின் வாரிசு அவர்தான்.

அப்படிப்பட்ட வாரிசுகள் நம்ம கல்லூரியிலிருந்து நிறையப் பேர் வரட்டும்.